பாக்தாத்தில் குண்டு, பாப்பாரப்பட்டியில் பாடம்

என்னிடம் உள்ள ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு லண்டனில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்க முடியாது. ஆனால் லண்டனை முற்றுகையிடலாம். வெளிக்காவல் அரண்களைத் தகர்க்கலாம், சப்ளை லைனைத் துண்டிக்கலாம், கெடு விதிக்கலாம், நிபந்தனையற்ற சரணாகதி கேட்கலாம், பிறகு மனிதாபிமான அடிப்படையில் கொஞ்ச நேரம் சண்டையை நிறுத்தியும் வைக்கலாம். அந்த இடைவேளையில் கத்தரிக்காய் வாங்க வேண்டுமென்றால் மட்டும் வேறு ஆளை அனுப்ப வேண்டும். அது பிரிஞ்சாலா, எக்பிளாண்டா, ஆபர்ஜினா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம். நான் படித்த எந்தப் போர்ச் செய்தியிலும் கத்தரிக்காய் வந்ததில்லை.

தருமபுரி மாவட்டத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவன் ஆங்கிலம் கற்க அன்றைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பஸ் ஸ்டாண்டில் விற்கிற 'முப்பதே நாளில்' வகைப் புத்தகம். அதில் ராமன் என்று ஒருவன் இருப்பான். காலையில் எழுவான், பல் துலக்குவான், பள்ளிக்குப் போவான். மறுநாளும் அதையே செய்வான். இருபதாம் பக்கத்துக்குள் ராமனை எங்காவது தள்ளிவிட்டுவிடத் தோன்றும். இன்னொரு வழி ஹிண்டு. தமிழ்நாட்டில் ஒரு பையன் பத்தாம் வகுப்பை நெருங்கினால், சொந்தத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஹிண்டுவைக் கையால் தொட்டறியாத ஒருவர், "தினமும் ஹிண்டு படி, அஞ்சு வார்த்தை எழுதி வை" என்று சொல்லியே தீர வேண்டும். காதுகுத்து மாதிரி அதுவும் ஒரு சடங்கு. எனக்கு அதைச் செய்தவரும் தாய்மாமன்தான். மாமா சொன்னது 1990 ஆகஸ்டில். சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தது அதே மாதம் 2-ஆம் தேதி.

மாமா கொஞ்சம் முந்திச் சொல்லியிருந்தால் என் ஆங்கிலம் விவசாயமாகவோ வியாபாரமாகவோ வளர்ந்திருக்கும் என்று நினைத்ததுண்டு. பிறகு கணக்குப் பார்த்தால், அந்த வருடம் மார்ச் வரைக்கும் இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது. எப்போது தொடங்கியிருந்தாலும் எவனோ எவனையோ அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பான். முதல் பக்கம் அவனுக்குத்தான்.

இதில் எங்கள் மாவட்டத்துக்குப் பூர்வீக பந்தமும் உண்டு. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு, 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி எங்கள் பகுதி அடங்கிய பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதை ஆள வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்து 1799 வரை இந்தப் பக்கத்தில் இருந்தவர் தாமஸ் மன்றோ. பிற்பாடு சென்னை மாகாணத்துக்கே கவர்னரானவர். இரண்டு பேருமே சிப்பாய் உத்தியோகம் பார்த்தவர்கள். சில ஊர்களுக்கு ஆங்கிலம் பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தது, சில ஊர்களுக்குத் துணிமூட்டையோடு வந்தது. எங்களுக்கு யூனிஃபார்மில் வந்து, இறங்கிய கையோடு நிலத்தை அளந்து வரி போட்டது. அந்த வெள்ளைக்காரனை விரட்டப் பாடுபட்ட சுப்பிரமணிய சிவா கடைசியாக வந்து தங்கி, 1925-இல் கண்மூடியது பாப்பாரப்பட்டியில். அதே பாப்பாரப்பட்டியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் வெள்ளைக்காரன் மொழியைப் படித்தோம். சிவா மன்னிப்பார். நாங்கள் படித்த ஆங்கிலம் பெரும்பாலும் வெள்ளைக்காரனைச் சுடுவது பற்றியதுதான், அல்லது அவன் சுடுவது பற்றியது.

திண்ணை மிலிட்டரி சாருடையது. பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். எந்தப் போர் சார் என்று கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு "ஜபல்பூர்" என்பார். ஜபல்பூரில் போர் நடந்ததாகச் சரித்திரப் புத்தகத்தில் இல்லையே என்று தேடிப் பார்த்திருக்கிறோம். அங்கே ராணுவக் கிடங்கில் பருப்பு மூட்டைக்குக் கணக்கு எழுதினார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் பருப்புக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதியவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஹிண்டு காலை பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் கையால் டீக்கடையில் இறங்கி, கடைக்காரர் படம் பார்த்து முடித்து, மத்தியானம் சாரிடம் வரும். சாயங்காலம் எங்களுக்குப் பாடம். முதல் பக்கம் சொல்வளத்துக்கு. விளையாட்டுப் பக்கம் டென்ஸுக்கு. டெண்டர் நோட்டீஸ் கையெழுத்துப் பயிற்சிக்கு. தலைப்புச் செய்தியை அவர் வாசிக்கும் தொனியில், நாங்கள் எழுந்து நின்று சல்யூட் அடிக்காதது ஒன்றுதான் பாக்கி.

1991 ஜனவரி 17 அன்று பாக்தாத் மேல் குண்டு விழத் தொடங்கியது. சதாம், இதுதான் போர்களின் தாய் என்று அறிவித்தார். 'மதர் ஆஃப் ஆல் பேட்டில்ஸ்' என்று சார் எங்கள் நோட்டில் எழுதச் சொன்னார்.

"தாய்னா, அப்பன் யாரு சார்?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

கிண்டல்தான். ஆனால் சார் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.

"பெட்ரோல்" என்றார்.

அவர் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது அன்றைக்குத்தான். வெளியுறவுத் துறைப் பேராசிரியர் ஒரு புத்தகம் போட்டுச் சொல்வதை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார்.

அடுத்தது 'ஃப்ரெண்ட்லி ஃபயர்'. நம்மாள் நம்மாளையே சுடுவது என்றார் சார். "அதுல ஃப்ரெண்ட்லி எங்க சார் இருக்கு?" என்றதற்கு, "சுட்டவன் அப்புறமா சாரி சொல்லுவான்" என்றார். அந்தப் போரில் பிப்ரவரி 26 அன்று அமெரிக்க விமானங்கள் கூட்டாளியான பிரிட்டனின் வண்டிகளையே அடித்து 9 பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கொன்றன.

போர் முடிந்த பிறகும் ஈராக் எங்களை விடவில்லை. 'நோ ஃப்ளை ஸோன்' வந்தது. அர்த்தம் சொல்லச் சொன்னபோது, அப்பா மிட்டாய்க்கடை வைத்திருந்த பையன் துள்ளி எழுந்தான்.

"ஈ மொய்க்காத இடம் சார்."

"எங்கடா இருக்கு அது?"

"ஈராக்ல சார்."

"ஈ இல்லன்னா அது வெறும் ராக் தானேடா" என்றார் சார். அவன் யோசித்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டி உட்கார்ந்தான். மாம்பழ சீசனில் எங்கள் பக்கம் வந்து பார்த்தவர்களுக்கு, ஈ மொய்க்காத இடம் ஒன்றை ஐக்கிய நாடுகள் சபையெல்லாம் கூடித்தான் உருவாக்க முடியும் என்று அவன் நம்பியதில் ஆச்சரியம் இருக்காது.

'கொலாட்டரல் டேமேஜ்' தான் எங்களை ரொம்பச் சுற்றவிட்டது. கொலாட்டரல் என்ற சொல் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். கடன் கொடுக்கிற இடத்தில் அப்பாவிடம் கேட்பார்கள்: கொலாட்டரல் என்ன இருக்கு? நிலப் பத்திரம், அம்மாவின் நகை. அதனால் கொலாட்டரல் டேமேஜ் என்றால் அடகு வைத்த நகை மூழ்கிப்போவது என்று நான் எழுதினேன். சார் பாதி மார்க் போட்டார். "சண்டை போடறவன் வேற. நஷ்டப்படறவன் வேற. அந்த மட்டுக்கும் சரி" என்றார். பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பதுங்கிடத்தின் மேல் இரண்டு குண்டுகள் விழுந்து, உள்ளே ஒண்டியிருந்தவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிறையப் பேர் பெண்களும் குழந்தைகளும். அன்றைய பேப்பரை சார் வாசித்தார். அர்த்தம் எழுதச் சொல்லவில்லை.

இதையெல்லாம் எதிர்த்திண்ணையில் இருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தமிழ் ஐயா. எங்கள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"ஏன் சார், தெரியாமத்தான் கேக்கறேன். மாட்டைக் கவர்ந்தா வெட்சி. மீட்டா கரந்தை. படையெடுத்தா வஞ்சி. கோட்டையை வளைச்சா உழிஞை, உள்ள இருந்து காத்தா நொச்சி. நேருக்கு நேர் மோதினா தும்பை. ஜெயிச்சா வாகை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூ. உங்க இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரே ஆபரேஷன். வயித்துல கட்டி எடுத்தாலும் ஆபரேஷன், ஊரைக் கொளுத்தினாலும் ஆபரேஷன்."

"ஐயா, ராத்திரி மேல இருந்து குண்டு போட்டா என்ன பூ?"

தமிழ் ஐயா ஒரு கணம் திணறினார். தொல்காப்பியர் விமானத்தைப் பார்த்ததில்லை. "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார்.

"அமெரிக்காக்காரன் தான் ஜெயிச்சதா சொல்றான். சதாமும் தான் ஜெயிச்சதா சொல்றாரு."

"அப்ப ரெண்டு பக்கமும் வாகை. மாலை கட்டறவனுக்குத்தான் லாபம்."

அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தோம். கிளம்புகிற நேரத்தில் ஒளவையாரைப் பற்றி ஒன்று சொன்னார். தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டினான். அவள் பார்த்துவிட்டு மெச்சினாள்: உன் வேல்களெல்லாம் மயில்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளப்பாகக் காவலில் இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை பாவம், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தொண்டைமானுக்கு அது பாராட்டா திட்டா என்று புரிந்திருக்குமோ என்னவோ. புறநானூற்றில் இருக்கிறது. "ரியாத்துல தினமும் ஜெனரல் மேடையேறி, ஜன்னல் வழியா குண்டு நுழையற படத்தைப் போட்டுக் காட்டறானாமே. நாம அன்னைக்கே இதுக்குப் பதில் சொல்லி அனுப்பிட்டோம் சார்" என்றார் தமிழ் ஐயா. தருமபுரியின் முதல் போர்ச் செய்தியாளர் ஒரு பெண் என்று நான் அன்று முதல் சொல்லிவருகிறேன். அவளிடம் இருந்த கேலியில் காலணாப் பங்கு இன்றைய ராணுவ நிபுணர்களிடம் இருந்தால் டி.வி. பார்க்க நன்றாக இருக்கும்.

சுருக்கமாகச் செய்தி எழுதுவதிலும் எங்கள் ஊருக்கு ஈடில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். இன்ன அரசனுக்கு இன்ன யாண்டு, இன்ன ஊர்த் தொறுவை இன்னார் கொண்டபோது மீட்டுப் பட்டான், இன்னாரின் மகன் இன்னான். தொறு என்றால் மாட்டு மந்தை. யார், எங்கே, எப்போது, எதற்காக என்று ஒரே வரியில் எல்லாம் வந்துவிடும். செத்தவனுக்குப் பெயர் இருக்கும், பக்கத்தில் அவன் உருவமும் இருக்கும். 'உறுதிப்படுத்தப்படாத தகவல்களின்படி' என்று எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை. கல்லில் அடிக்கிற வேலைக்கு அவ்வளவு நீட்டினால் கூலி கட்டுபடியாகாது.

வளைகுடாப் போரின் சொற்கள் வெகு சீக்கிரம் எங்கள் ரூட் பஸ்களுக்கு வந்து சேர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு வரும் ஒரு தனியார் பஸ்ஸுக்கு 'ஸ்கட்' என்று பெயர். அது கிளம்பிச் சரியாக ஐந்து நிமிடம் கழித்து, ஸ்டாண்டில் ஒரு ஆளும் இல்லாதபோது வரும் பஸ்ஸுக்கு 'பேட்ரியாட்'. அசல் பேட்ரியாட்டின் வேலை ஸ்கட்டை நடுவானில் மறிப்பது. எங்களுடையது அதன் புழுதியை மட்டும்தான் கடைசிவரை மறித்தது. கூட்டணி விமானங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் 'சார்ட்டி' போயின என்று பேப்பரில் வந்ததிலிருந்து, கண்டக்டரிடம் "இன்னைக்கு எத்தனை சார்ட்டி அண்ணா?" என்று கேட்போம். அவர் அதைக் கெட்ட வார்த்தை என்று நினைத்து ஒருவனை இறக்கிவிட்டதும் உண்டு.

போர் ஆங்கிலம் வாழ்க்கைக்கு உதவாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வராத காலம். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு, பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை. ஒரு கோடையில் அந்தத் தண்ணீரும் வற்றிப்போனது. ஊர்க்காரர்கள் தமிழில் எழுதிய மனுக்கள் ஓர் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு கட்டு கிடந்தன. கல்லூரி லீவில் வந்திருந்த என்னை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். ஊர் முற்றுகையில் இருப்பதாகவும், மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயரும் அபாயம் நெருங்கிவிட்டதாகவும், உடனடியாக ஒரு 'ஹியூமானிடேரியன் காரிடார்' திறக்காவிட்டால் நிலைமை கைமீறும் என்றும், பின்விளைவுகளுக்கு எதிர்த்தரப்பே பொறுப்பு என்றும் இரண்டு பக்கம். எதிர்த்தரப்பு யார் என்று குறிப்பிடவில்லை. நல்ல போர் அறிக்கையில் அதை மழுப்பித்தான் எழுதுவார்கள். மறுநாளே டேங்கர் லாரி வந்தது. அதன் பின்னால் ஒரு போலீஸ் ஜீப்பும் வந்தது. இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர், குடத்தோடு நின்ற பாட்டிகளைப் பார்த்துவிட்டு, "காரிடாரை எங்கேம்மா அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்று விசாரித்தார். அவரையும் லைனில் நிற்கவைத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

1999 மே மாதம் கார்கில் வந்தது. அதற்குள் ஊரில் கேபிள் டி.வி. வந்துவிட்டதால் உச்சரிப்பும் சேர்த்துக் கிடைத்தது. அதுவரை போபர்ஸ் என்றால் தமிழ்நாட்டில் ஊழல் என்று அர்த்தம். 1989 தேர்தல் சுவரொட்டிகளில் படித்த சொல். அப்படி ஒரு பீரங்கி நிஜமாகவே இருக்கிறது, அது சுடவும் செய்யும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. "கமிஷன் வாங்கினது மட்டும்தான்னு நெனச்சேன். சாமானும் வாங்கியிருக்காங்கப்பா" என்றார் டீக்கடைக்காரர், நிஜமான வியப்போடு. முறைப்படி அறிவிக்கப்படாத போர் அது. அதனால் 'வார்-லைக் சிச்சுவேஷன்' என்று ஒரு தொடர் டி.வி.யில் புழங்கியது. போர் போன்ற சூழ்நிலை. எங்கள் வீட்டில் அத்தை வந்து தங்குகிற நாட்களுக்கு இத்தனை காலம் பெயர் இல்லாமல் இருந்தது. அப்பாவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அந்தக் கோடையில் திருச்சிக்காரர் மேஜர் மாரியப்பன் சரவணன் படாலிக் மலையில் மே 29 அன்று இறந்தார். உடலைக் கீழே கொண்டுவர ஜூலை ஆகிவிட்டது. 'காஷுவல்டி' என்று நோட்டில் எழுதியிருந்த சொல்லுக்கு முதல் தடவையாகத் தமிழ்ப் பெயர் வந்த மாதம் அது. டீக்கடையில் யாரும் விமர்சனம் பேசவில்லை.

எங்கள் சொந்தப் போர் காட்டில் நடந்தது. சந்தனக்கட்டை வீரப்பனைத் தமிழ்ப் பத்திரிகைகள் வீரப்பன் என்றே எழுதின. ஆங்கிலப் பத்திரிகைகளில் அவர் 'ஃபாரஸ்ட் பிரிகண்ட்'. பிரிகண்ட் என்ற சொல்லை உலகத்தில் வேறு யாருக்காவது பயன்படுத்தியிருக்கிறார்களா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அவருக்காகவே பாதுகாத்து வைத்திருந்தார்கள் போலும். அதிரடிப்படை 'கோம்பிங் ஆபரேஷன்' நடத்தியது. காட்டைச் சீவுவது. மிலிட்டரி சார் அதற்கு விளக்கம் சொல்ல, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தன் தலையில் செய்து காட்டுவார். சாருக்கு முடி அவ்வளவு கிடையாது. "இப்படிச் சீவினா, இருக்கறதும் கையோட வரும். தேடனது வராது" என்பார்.

அது உண்மை என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஊர் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக்கட்டையைத் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அரூர் பக்கம் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொல்ல 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று. 'ரெய்டு' என்று என் நோட்டில் ஒரு சொல் இருக்கிறது. எதிரே 'சோதனை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இந்தப் பத்தியில் சிரிக்க ஒன்றும் இல்லை, மேலே போகலாம்.

2000 ஜூலை 30 இரவு கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினார். 108 நாள். அந்த 108 நாளுக்குள் பார்த்து எனக்குப் பெங்களூரில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ. எதிரே மூன்று பேர். பயோடேட்டாவில் முகவரியைப் பார்த்த நடுவாந்திரக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்.

"தருமபுரி? டு யூ நோ வீரப்பன்?"

இந்த மாதிரிக் கேள்விக்குத்தானே இத்தனை வருடம் பேப்பர் படித்தேன். ராணுவப் பேச்சாளர்கள் சொல்கிற பதிலை, அவர்கள் சொல்கிற அதே நிதானத்தோடு சொன்னேன்.

"ஐ கேன் நைதர் கன்ஃபர்ம் நார் டினை, சார்."

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் கையிலிருந்த பேனாவை மூடிவைத்தார். உங்கள் பலவீனம் என்ன என்று மட்டும் கேட்டார்கள். இடது விலா பாதுகாப்பில்லாமல் இருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொன்னேன். வேலை கிடைத்தது. அங்கே இருந்த காலம் முழுக்க யாரும் என்னிடம் கைமாற்று கேட்டதில்லை, என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமல் திறந்ததும் இல்லை.

அந்தக் காட்டுப் போர் முடிந்தது 2004 அக்டோபர் 18 இரவு, பாடி கிராமத்தில். பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். அதற்கு அதிரடிப்படை வைத்த பெயர் 'ஆபரேஷன் கக்கூன்'. கக்கூன் என்றால் பட்டுக்கூடு. தருமபுரியில் பட்டுக்கூட்டுக்கு என்று அங்காடியே இருக்கிறது, மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிற என் சித்தப்பா மறுநாள் காலை செய்தியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் விசாரித்தது, "கூட்டு வெலை ஏறுதாமா?" என்றுதான். மிலிட்டரி சார் கதை இன்னும் மோசம். பாக்தாத், கார்கில், காந்தகார் என்று எங்கே வெடித்தாலும் மத்தியானத்துக்குள் விவரம் சொன்னவர், தன் வீட்டுக்குச் சில மைல் தள்ளித் துப்பாக்கி வெடித்த இரவில், தீபாவளி வருதே, பசங்க வெடி போடறானுங்க என்று திரும்பிப் படுத்துவிட்டார். மறுநாள் ஊரே பாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. சார் போகவில்லை. "பேப்பர் வரட்டும்" என்றார்.

2003 ஈராக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 'ஷாக் அண்ட் ஆ' வந்தது, ஜவுளிக்கடை விளம்பரங்களுக்குப் போனது. பேரழிவு ஆயுதங்கள் தேடப்பட்டன, கிடைக்கவில்லை. தகவல் அமைச்சர் அல்-சஹாஃப் மட்டும் மனதில் நிற்கிறார். அமெரிக்க டாங்கிகள் நகருக்குள் நின்றுகொண்டிருக்க, பாக்தாத்தில் ஒரு அமெரிக்கனும் இல்லை என்று மைக் முன்னால் சொன்னவர். எங்கள் ஊர்த் தேர்தல் முடிவு நாட்களில் அவர் மாதிரி இரண்டு பேரைப் பார்த்திருப்பதால் அவரிடம் எனக்கு அன்னியம் தோன்றவில்லை.

2019 பிப்ரவரி 27 அன்று நடந்தது 'டாக் ஃபைட்'. டி.வி. பார்த்து மகள் அதைத் தமிழாக்கிச் சொல்ல, என் அம்மா வெற்றிலையை மடித்த கை அப்படியே நிற்கக் கேட்டார்: "அவ்ளோ ஒசரத்துல நாயை யாரும்மா ஏத்தனது?" நாய் இல்லை ஆயா, விமானம் என்று அவள் புரியவைப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நாய்ச் சண்டை என்றால் நிஜ நாய் போட்ட சண்டைதான் எங்கள் பக்கத்து வழக்கம். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எஜமானனோடு நின்று கள்வரைக் கடித்த நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். எந்த விமானத்துக்கும் இன்னும் நடுகல் வைத்ததாகத் தெரியவில்லை.

அன்று பாகிஸ்தானிடம் பிடிபட்ட விமானி அபிநந்தன் வர்த்தமான் தமிழர். அவரை விசாரித்த வீடியோவைப் பலரும் வீரத்துக்காகப் பார்த்தார்கள், மீசைக்காகவும் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்துக்காகப் பார்த்தேன். இத்தனை போரில் இவ்வளவு உபயோகமான ஆங்கிலத்தை யாரும் பேசியதில்லை. எந்த ஊர் என்று கேட்கிறார்கள். 'டவுன் சவுத்' என்கிறார். பெங்களூர் நாற்காலியில் எனக்கு அது தோன்றாமல் போயிற்றே. மேற்கொண்டு கேட்டால், மன்னிக்க வேண்டும் மேஜர், அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்கிறார். சம்பளம் எவ்வளவு என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் அதைத்தான் சொல்கிறேன், மேஜரை மட்டும் மாமா ஆக்கிவிட்டு. நடுவில், 'தி டீ ஈஸ் ஃபென்டாஸ்டிக்'. எதிராளி வீட்டில், அடிபட்ட முகத்தோடு, டீயை மெச்சத் தெரிந்தவருக்கு மொழி தெரியும். ஸ்கட் முதல் சார்ட்டி வரை மனப்பாடம் செய்தவர்களுக்கு டீயைப் பற்றி ஒரு வாக்கியம் அமையவில்லை.

இப்போது மகளுக்கு நான் தேவைப்படுவதில்லை. ஆபரேஷன் சிந்தூர் நடந்த 2025 மே மாதத்தில் அவளே எனக்கு வகுப்பு எடுத்தாள். 'லாய்ட்டரிங் முனிஷன்' என்றால், வானத்தில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்து ஆள் அகப்பட்டதும் மேலே விழும் ஆயுதம். எங்கள் பஸ் ஸ்டாண்டில் அப்படி நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இவ்வளவு கௌரவமான பெயர் உண்டென்று தெரியாது. மே 10 அன்று சண்டை நின்றது. அதற்குப் பிறகும் ரிமோட்டுக்காக அவளும் அவள் தம்பியும் மோதும்போது, சமையலறையிலிருந்து அவள் அம்மா, "ரெண்டு பேரும் டீ-எஸ்கலேட் பண்றீங்களா, நான் வரட்டுமா?" என்று குரல் கொடுப்பது மட்டும் நிலைத்துவிட்டது. என் மனைவியும் தமிழ் மீடியம்தான்.

போன மாதம் நூலகத்தில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பையனைச் சந்தித்தேன். ஹிண்டுவை மடித்து வைத்துக்கொண்டு வார்த்தை எழுதிக்கொண்டிருந்தான். எழுதுகிற முறை மட்டும் மாறியிருந்தது. ஒவ்வொரு போருக்கும் ஒரு தனி நோட்டு. உக்ரைன், காசா, சிந்தூர், ஈரான் என்று அட்டையில் கலர் பேனாவில் எழுதியிருந்தான்.

"உக்ரைன் நோட்டு ரெண்டாவது வாங்கிட்டேங்ண்ணா. அது எப்பங்ண்ணா முடியும்? மெயின்ஸ் வருது."

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினேன், வளைகுடா, கார்கில் நோட்டெல்லாம் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது என்று பெருமைக்குச் சொல்லிவைத்தேன். பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"அதைத் தர முடியுங்களாண்ணா? ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தந்துடறேன். பழசெல்லாம் ரிப்பீட் ஆகுதுங்ண்ணா."

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே ஜெராக்ஸ் கடைக்கும் போனேன், பழைய நோட்டு, தையல் விட்டுப்போயிருந்தது. கடைக்காரர் முதல் நோட்டைக் கையில் எடுத்தார். அட்டையில் 'வளைகுடா 1991' என்று இருந்தது. இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன சப்ஜெக்ட் சார், எகனாமிக்ஸா?"

ஆமாம் என்றேன்.